குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம், பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது, மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. பெரும்பாலும் தலைவர், பொருளாளர், நான் ஆகிய மூவர் மட்டுமே வந்தோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை நம் தெருக்களை அளந்தது. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று பலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் மனைப்பிரிவு வரைபடத்தில் எல்லாத் தெருவும் 30 அடி. மூன்றாவது குறுக்குத் தெருவில் பழைய வீட்டை வாங்கி அடுக்குமாடி கட்ட வந்தவர்கள், அந்த 30 அடியைக் காட்டித்தான் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கேட்கப் போவதாகத் தெரிந்தது. எஃப்.எஸ்.ஐ. என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. முன்பு 1.5 ஆக இருந்தது, 2019 கட்டட விதிகளில் உயரமில்லாத கட்டடங்களுக்கு 2 ஆனது. அதற்கு மேலும் வேண்டுமானால் அரசுக்குப் பணம் கட்டி வாங்கலாம், அதுதான் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. ஆனால் எவ்வளவு என்பதைத் தெருவின் அகலம்தான் முடிவு செய்யும்: 9 மீட்டர் இருந்தால் 30 சதவீதம் கூடுதல், 12 மீட்டர் இருந்தால் 40, 18 இருந்தால் 50. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி கட்டலாம் என்பது 30 சதவீதம் சேர்ந்தால் 6,240 ஆகிவிடும். 9 மீட்டர் என்பது ஏறத்தாழ 29 அடி 6 அங்குலம், ஆக 30 அடித் தெரு மயிரிழையில் தேறும், ஓர் அடி குறைந்தாலும் தேறாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாடாவை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு அளந்தோம். பிள்ளையார் கோவில் வளைவில் 27 அடி 4 அங்குலம்தான் இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்திருக்கிறது, ஒரு வீட்டில் முன்பு தெருவோரம் நின்ற மின்கம்பம் இப்போது காம்பவுண்டுக்குள், அவர்கள் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அளவுகளை வீடு வாரியாக எழுதி, படத்தோடு, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தோம். வந்து அளந்துவிட்டுப் போனார்கள், எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.

செயலாளர் நம் மனைகளின் விலையைக் குறைக்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நான்கு குடும்பம் இருந்த இடத்தில் பன்னிரண்டு குடும்பம் வந்தாலும் சாக்கடைக் குழாயும் வடிகாலும் தெருவும் அதேதானே? கட்டக்கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை, தெரு தாங்கும் அளவுக்குக் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பார்க்கிங்கும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்டில்ட் தளத்தை, அதாவது வீடுகளுக்குக் கீழே தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தை, எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்காமல் விடுவது அங்கே வண்டி நிற்கும் என்பதற்காக. விதிப்படி ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். நம் பகுதியில் சில ஸ்டில்ட்கள் கிடங்காகிவிட்டன, ஒன்றில் டியூஷன் நடக்கிறது, அங்கே நிற்க வேண்டிய கார்கள் எல்லாம் தெருவில். இருபுறமும் கேட்டுக்கு வெளியே மூன்றடி சாய்தளம், அதற்கும் வெளியே கார் என்றால் நடுவில் மிஞ்சுவது ஒன்பது பத்து அடி. தண்ணீர் லாரி உள்ளே வந்தால் ரிவர்ஸில்தான் வெளியே போகிறது. தீயணைப்பு வண்டி வர வேண்டிய நாள் வந்தால் என்ன செய்வோம் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், முந்தைய ஆண்டின் இருப்பை வைத்துச் சமாளித்தோம். ஏறக்குறைய பாதி வீடுகள் சந்தா கட்டவில்லை, சில வீடுகளில் மூன்று வருடப் பாக்கி. வாசலை மறித்துக் கார் நிற்கிறது என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் வருவதும் பெரும்பாலும் அந்த வீடுகளிலிருந்துதான். போனை எடுக்காமல் இருந்ததில்லை, ஆனால் மனுவுக்கு நகல் எடுப்பது முதல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு மொட்டை மாடி தந்த உறுப்பினருக்கும், நாடா பிடிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அடுத்து, சென்னைக்கான மூன்றாம் பெருந்திட்டம் தயாராகிறது, 2026 முதல் 2046 வரைக்கானது. 2008 இல் வந்த இரண்டாம் திட்டத்தின்போது நம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்று பழைய கோப்பைப் பார்த்தால் தெரிகிறது. நம் தெருக்கள் முதன்மைக் குடியிருப்பாக இருக்குமா, கலப்புக் குடியிருப்பாகுமா, எந்தக் கடை எதுவரை வரலாம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது வீட்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். தெரு அளவுகள் கொண்ட நோட்டு என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஐந்தாவது, ஆறாவது தெருக்கள் இன்னும் அளக்கப்படவில்லை. இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், இல்லையென்றால் நானே தொடர்கிறேன், ஆனால் தெருவுக்கு ஒருவராவது கூட வர வேண்டும். பெயர் தருபவர்கள் இன்றே கூட்டம் முடிந்ததும் தரலாம், பாக்கிச் சந்தாவையும் அப்போதே பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்