நடக்கிறார் என்பதற்காக மறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடத்தில் நன்றாக நடக்கிறவர்கள் எல்லாம் வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் கொதித்திருந்தார். அதற்கான அனுமதி அட்டை இல்லாமல் நிறுத்துகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஆளைப் பார்த்ததுமே முடிவு கட்டுவது சரியில்லை. அந்தப் பலகையில் இருக்கும் சக்கர நாற்காலிச் சின்னம், 1968-ல் டென்மார்க் மாணவி சுசான் கோஃபோட் வரைந்ததிலிருந்து வந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே, நாற்காலியில் வந்தால்தான் மாற்றுத்திறனாளி என்று நமக்குப் பதிந்துபோய்விட்டது போல. நமக்குப் பதிந்தால்கூடப் போகட்டும், அனுமதி அட்டை கொடுக்கிறவர்களுக்கும் அப்படியே பதிந்திருந்தால் என்ன செய்வது?

என் அக்காவுக்கு நுரையீரல் நோய். அந்த அட்டைக்கான அவர் விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதத்தில் காரணம் என்று இருந்தது ஒரே வரி: உதவியின்றி நடக்கிறார். நடக்கிறார்தான், யார் இல்லையென்றார்கள்? வண்டியை விட்டு இறங்கி மருந்துக்கடை வாசலுக்குப் போவதற்குள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று போனை எடுத்து எதையோ தேடுவது போல நோண்டிக்கொண்டிருப்பார். பரிசோதனைக்குக் கூப்பிட்ட இடத்தில் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார்கள். நடந்து முடித்ததும் குறிப்பெடுத்தவர் பேனாவை மூடிவிட்டார். அப்புறம் பேச்சே வராமல் அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாரே, அது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

விதிகள் எல்லா இடத்திலும் இவ்வளவு குருடாக இல்லை. 200 அடி தூரத்தை நடுவில் நின்று இளைப்பாறாமல் கடக்க முடியாதவருக்குத் தகுதி உண்டு என்பது அமெரிக்கக் கூட்டரசு விதி. நுரையீரல், இதய நோய்களுக்கும் அதில் தனியாக அளவுகோல் இருக்கிறது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 30 முதல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் நீல அட்டை என்கிற பார்க்கிங் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

அதனால் மறுத்துவிட்டார்கள் என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் மேல்முறையீடு உண்டு, சில இடங்களில் மறுபரிசீலனை மட்டும்தான். எதுவானாலும் கடைசித் தேதி என்ன என்பதை முதலில் பாருங்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள், பரிசோதித்தவர் என்ன எழுதினார் என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். 'மீண்டும் பரிசீலிக்கவும்' என்று மட்டும் எழுதினால் பழைய பதிலே திரும்பி வர வாய்ப்பு அதிகம். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயரும் மாத்திரைப் பட்டியலும் இருந்து பிரயோஜனமில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, நின்றால் மூச்சு சீராக எவ்வளவு நேரமாகிறது, மோசமான நாட்கள் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகின்றன, இது தேறக்கூடியதா இல்லையா, இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள், அவருக்கும் நேரம் மிச்சம்.

இன்னொன்று. பெரியவர்களிடம் கேட்டால் 'ஏதோ சமாளிச்சுக்கிறேன்' என்பார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்லலாம், படிவத்தில் சொன்னால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப ஒருவர் இருந்தால் நல்லது.

அக்காவின் மறுபரிசீலனை இன்னும் முடியவில்லை. மறுத்த அதே அதிகாரியிடமே அந்தக் கோப்பு போயிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். தான் எழுதிய பதிலைத் தானே தவறென்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? மறுபரிசீலனைக்கு வரும் கோப்பை வேறொருவர் பார்க்க வேண்டும், மறுப்பதானால் ஒரு வரியோடு முடிக்காமல் காரணத்தை விளக்கி எழுத வேண்டும். இந்த இரண்டையும் செய்ய புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்