போயர் வாங்கும் முன் தாயாட்டுக் கணக்கு

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பொண்ணுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை பரவாயில்லை, துவரை நன்றாக நிற்கிறது. சரி, ஆட்டுக்கு வருகிறேன்.

போயர் கலப்பு ஆடு வாங்கி, தரைக்கு மேலே பலகை அடித்துப் பரண் கொட்டகை போடலாமா என்று கேட்டிருந்தாய். தென்னாப்பிரிக்காவில் கறிக்கென்றே உருவாக்கிய இனம் அது, நல்ல அடர்தீவனம் போட்டால் நாளுக்கு 200 கிராம்கூட எடை ஏறும், நம்ம ஊர் நாட்டு இனமான சேலம் கருப்பு அதில் பாதிகூட ஏறாது. 20 கிலோ குட்டி தினமும் உலர் எடையில், அதாவது ஈரத்தைக் கழித்து, 800 கிராம் தீவனம் தின்கிறது என்று வை. 100 கிராம் ஏறினால் ஒரு கிலோ எடைக்கு 8 கிலோ தீவனம், 50 கிராம்தான் ஏறினால் 16 கிலோ. தின்பதில் பெரும்பங்கு உடம்பைத் தாங்கவே போய்விடுவதால், வேகமாக வளர்கிற இனம்தான் காகிதத்தில் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் அந்த 8 கிலோ நீ காசு கொடுத்து வாங்கும் மக்காச்சோளமும் புண்ணாக்கும். இந்த 16 கிலோவில் முக்கால்வாசி கரட்டில் சும்மா கிடைக்கும் இலந்தையும் வேலங்காயும், அறுவடை முடிந்த காட்டில் கிடக்கும் கடலைக்கொடியும்.

இதைவிடப் பெரிய செலவு தாயாடு, அதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 30 கிலோ பெட்டை நாளுக்கு ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும், குட்டி போட்டாலும் போடாவிட்டாலும் வருஷத்துக்கு 365 கிலோ. வருஷத்துக்கு ஒரே குட்டியை வளர்த்து 20 கிலோவில் விற்றால் தாய் தின்றது மட்டுமே விற்கும் ஒரு கிலோவுக்கு 18 கிலோ தீவனம் ஆகிறது, இரட்டைக் குட்டி என்றால் அதுவே 9. சினை 5 மாசம்தான், இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம், சினைக்கு வரும் பருவத்தைத் தவறவிட்டால் அத்தனை மாசத் தீவனமும் தண்டம். அதனால் என்னைக் கேட்டால் பெட்டை சேலம் கருப்பு, இரட்டை போடும் தாயின் வழியில் வந்ததாகப் பார்த்து எடு. கிடா மட்டும் கேரளத்துத் தலச்சேரி இனம், அதில் இரட்டை அதிகம், அதற்குப் பிறக்கும் பெட்டைகளுக்கு அந்தக் குணம் வரும். சின்னப் பெட்டைக்குப் போயர் கிடா சேர்த்தால் குட்டி பெருத்து ஈனச் சிரமப்படும், அந்த வம்பே வேண்டாம்.

அப்புறம், உன் பட்டுப்புழு மனையில் மிஞ்சும் மல்பெரியை ஏன் உரக்குழியில் கொட்டுகிறாய்? புரதம் நிறைந்த தழை, புண்ணாக்குச் செலவு குறையும். தட்டில் புழுவுக்குச் சுண்ணாம்பு தூவிய மிச்சத்தை மட்டும் போடாதே, தோட்டத்தில் கழித்த கொம்பையும் தழையையும் கட்டித் தொங்கவிடு. தரையில் போட்டால் மிதித்துவிட்டு முகர்ந்துகூடப் பார்க்காது.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வா, இரண்டு பல் போட்ட இளம் பெட்டையாகப் பார்க்கலாம். விடியுமுன் பஸ் ஏறு, வெயில் ஏறினால் நல்லதெல்லாம் கைமாறிவிடும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமன்