நந்தவனச் சித்திர மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் பணிவான வணக்கம்.

நம் கோயில் நந்தவனத்தின் நடுவே உள்ள சித்திர மண்டபத்தின் திருப்பணி கடந்த தை மாதம் நிறைவெய்தியது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால் அதனை இங்கு மீண்டும் எழுதவில்லை. ஆறு மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினெட்டு மாதம் ஆனது ஏன் என்று பொதுக்குழுவில் பலரும் கேட்டீர்கள். அதற்கு விடை சொல்வதே இவ்வறிக்கையின் நோக்கம்.

இம்மண்டபம் படங்களுக்காகக் கட்டப்பட்டதன்று. தாராபுரம் வழியாகப் பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் தைப்பூசக் காலத்தில் இளைப்பாறுவதற்காக நிறுத்தப்பட்ட பதினாறு கற்றூண்களும், பிற்காலத்தில் எழுப்பிய மூன்று பக்கச் செங்கற்சுவரும், மேலே தேக்குக் கட்டைகள்மீது செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மதராஸ் ஒட்டுத் தளமுமே அதன் உடல். படங்கள் தாமாக வந்து சேர்ந்தன. பழைய சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராமல் மரத்தடியில் வைத்துவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? அப்படி அரசமரத்தடியில் மழையில் நனைந்து கிடந்தவற்றை, அந்நாளில் பூக்கட்டும் பணியிலிருந்த பண்டாரம் ஒருவர் எடுத்துத் துடைத்து மண்டபச் சுவரில் மாட்டத் தொடங்கினார். அதைக் கண்ட ஊரார், பின்பு மரத்தடிக்குப் போகாமல் நேரே மண்டபத்துக்கே கொண்டுவந்து கொடுத்தனர். ஓவியக்கூடம் என்று எவரும் திட்டமிடாமலேயே அது ஓவியக்கூடமாயிற்று.

அவற்றின் அருமையை நாமே இத்திருப்பணியின்போதுதான் முழுமையாக உணர்ந்தோம். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள் அவற்றுள் உள்ளன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டவை அவை. அவற்றில் ஒரு இலட்சுமி படத்துக்கு யாரோ ஒரு வீட்டுப் பெண்மணி ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை உடுத்தியிருக்கிறார். அச்சுப்படத்தைவிட அந்தக் கைவேலையே எங்களுக்கு மேலாகத் தோன்றியது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்களைத் தாங்கிய நாட்காட்டித் தாள்களும், பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணமும் பொற்தாளும் இட்ட தஞ்சாவூர்ப் படங்கள் இரண்டும் உள்ளன.

இப்படங்களில் பல ஈரத்தால் கெட்டிருந்தன. அதற்குக் காரணம் முந்தைய பழுதுபார்ப்பு. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று, சுவர் முழுவதும் சிமெண்ட் பூசப்பட்டது. அன்று அதுவே உறுதி என்று எல்லோரும் நம்பியதால் அக்காலக் குழுவைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் செங்கலை அரித்து, உப்புப் பூக்கச் செய்து, சுவரோடு ஒட்டித் தொங்கிய படங்களின் பின்னட்டை வழியாகத் தாளில் ஏறியது.

எனவே பணம் கொடுத்துப் பூசியதைப் பணம் கொடுத்தே கொத்தி எடுக்க நேர்ந்தது. ஆடி இறுதியில் தொடங்கி, மேல்தளத்தைத் திறந்து பார்த்தபோது தேக்குக் கட்டைகள் ஐந்தைக் கரையான் தின்றிருந்தது. மாற்றுக் கட்டை வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால், தார்ப்பாய் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மாசியில்தான் அச்சுக்கல் எனும் சிறு செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டு அடித்து, மேலே தட்டையான தட்டோடு பதிக்க முடிந்தது. வெடித்திருந்த தூண்கள் இரண்டுக்கு ஊத்துக்குளிக் கல்லில் திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் மாற்றுத் தூண் செய்து தந்தனர். மற்றத் தூண்களில் மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சித் தேய்க்கும் மணல் வீச்சு முறையைக் கையாளாமல் தண்ணீரும் தென்னை நார் தூரிகையும் கொண்டே சுண்ணாம்புப் படிவத்தை நீக்கினோம்.

சுவர்ப் பூச்சுக்கு, வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்தோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே சுண்ணாம்பு இறுகுவதால் அதை அவசரப்படுத்த இயலாது. அதிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்று பூச்சை வேகமாக உலர்த்தி வெடிக்க வைக்கும் என்பதால், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு மும்முறை தண்ணீர் தெளித்தோம். பின்பு மார்கழி வரை சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. 'மண்டபம் முடிந்துவிட்டதே, படத்தை ஏன் மாட்டவில்லை' என்று உறுப்பினர்கள் சினந்தது அக்காலத்தில்தான்.

இப்போது ஒவ்வொரு சட்டத்தின் பின்னும் மரக்கட்டை வைத்து, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட இடம் விட்டிருக்கிறோம். வெயிலில் நிறம் வெளுக்காதிருக்கத் திறந்த பக்கத்தில் மூங்கில் தட்டி தொங்குகிறது. மீட்க இயலாதபடி சிதைந்த படங்களை ஆற்றில் விடுவதா என்பதில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில் கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்துவிட்டு, தாள்களை மட்டும் பூசை செய்து நந்தவனத்து வில்வத்தடியில் புதைத்தோம்.

கிழக்குச் சுவரோரம் மழைநீர் வடிகால் இன்னும் வெட்டப்படவில்லை. ஐப்பசிக்கு முன் அதை முடிக்காவிட்டால் ஈரம் மீண்டும் ஏறும் என்பதால், கையிருப்பிலுள்ள தொகையை அதற்கே ஒதுக்க உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்