‘ஹூப்ரிஸ்’ வெறும் ஆணவமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘ஹூப்ரிஸ்’ என்ற சொல்லுக்குக் ‘கடவுளுக்கு அடங்காத ஆணவம்’ என்று பொருள் தருகிறது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த பொருள் இது. பழைய ஏதென்ஸ்காரர் ஒருவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் கடவுளை விட வழக்குமன்றம்தான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும்.

அங்கே அது சட்டப்படி குற்றம். தனக்கு எந்த ஆதாயமும் இல்லாமல், இன்னொருவரைத் தலைகுனிய வைத்து அதில் இன்பம் காண்பதே ஹூப்ரிஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். பட்ட அடிக்குத் திருப்பி அடித்தால் அது பழிவாங்கல், ஹூப்ரிஸ் ஆகாது. இளைஞர்களும் பணக்காரர்களும் இதைச் செய்வது, பிறரை மட்டம் தட்டினால் தாங்கள் உயர்வதாக எண்ணுவதால்தான் என்றும் சொல்கிறார். (இன்றும் பெரிதாக எதுவும் மாறவில்லை.)

அரிஸ்தோன் என்பவருக்காக ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எழுதிக்கொடுத்த வழக்குரையைப் பாருங்கள். கோனோன் என்பவரும் அவருடைய ஆட்களும் அரிஸ்தோனின் மேலாடையை உருவி, சேற்றில் தள்ளி, மிதித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அவர் எழ முடியாமல் கிடக்கையில், கோனோன் வென்ற சண்டைச் சேவலைப் போலக் கூவி, முழங்கைகளைச் சிறகாக விலாவில் அடித்துக் காட்டினாராம். உதைத்தது தாக்குதல்; சேவலாகக் கூவியது ஹூப்ரிஸ். அரிஸ்தோன் தொடுத்தது சாதாரணத் தாக்குதல் வழக்குதான். ஹூப்ரிஸ் வழக்கு அதைவிடப் பெரியது. பாதிக்கப்பட்டவர்தான் என்றில்லை, குடிமகன் எவரும் அதைத் தொடுக்கலாம். விதிக்கும் அபராதமோ அரசுக்குப் போகும். அடிமைக்கு இழைத்தாலும் அது குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னதை டெமாஸ்தனிஸ் இன்னொரு உரையில் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்.

கட்டுரையாளர் சொல்லும் பொருளுக்கு இடமே இல்லை என்று நான் வாதாடவில்லை. துன்பியல் நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில், கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்ஸிஸின் படை அழிந்ததற்கு அவனுடைய ஹூப்ரிஸையே தந்தை தாரியஸின் ஆவி காரணம் காட்டுகிறது. ஆனால் அங்கேயும் பேச்சு, கோயில்களைக் கொளுத்தியதும் சிலைகளைச் சூறையாடியதும் பற்றித்தான். ஆணவம் மனத்துக்குள்ளேயே இருந்துவிடலாம். சைவ சித்தாந்தத்தில் அது உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் மலம், அதாவது அழுக்கு. ஹூப்ரிஸ் வெளியே செய்து காட்டுவது, அதற்கு ஆள் வேண்டும்.

‘ஒடிசி’ காவியத்தில், கணவன் ஒடிசியஸ் ஊரில் இல்லாதபோது பெனலோப்பியை மணக்க வந்து, அவள் வீட்டுச் சொத்தைத் தின்று தீர்த்து, பிச்சை கேட்டு வந்தவன்மேல் முக்காலியை வீசிய கூட்டத்தின் நடத்தைக்கு ஹோமர் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதே சொல்தான். அதற்குத் தமிழில் ‘கொட்டம்’ என்று எழுதலாமே.

– ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்