நானூறு மணிநேரம்

ஆராய்ச்சிக்கான கணினி வசதியையும் நிதியையும் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். போன வாரம் என் ஆய்வு மாணவி ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கெடுவுக்குள் திருத்தம் வராததால் எங்கள் கட்டுரையின் பரிசீலனையை முடித்துவிட்டதாக ஆய்விதழ் எழுதியிருந்தது. "வேற இதழுக்கு அனுப்பினாலும் இதே கேள்வியத்தானே சார் கேப்பாங்க?" என்றார். உண்மைதான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் செல் சவ்வில் ஒரு புரதம் உண்டு. உள்ளே வரும் மருந்தைப் பம்பு போல வெளியே தள்ளிவிடுவது அதன் வேலை. அது எப்படி அசைகிறது, எந்த இடத்தில் தடுத்தால் நிற்கும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் மாணவியின் ஆய்வு. சவ்வு, தண்ணீர் எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டு லட்சம் அணுக்கள். ஒவ்வோர் அணுவின் மீதும் விழும் விசையைக் கணக்கிட்டு, மிகச் சிறிதளவு நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். 500 நானோ வினாடிக்கு (நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) இப்படி 25 கோடி முறை. கட்டுரையை மதிப்பிட்டவர்கள் நல்ல வேலை என்று பாராட்டிவிட்டு, 500 நானோ வினாடி ஓட்டம் மூன்று தனித்தனியாக வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஜிபியு (ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லு) இல்லாத, எட்டு கோர் கொண்ட ஒரே ஒரு கணினி. அதில் நாளொன்றுக்கு மூன்று நானோ வினாடி நகரும். அப்படியானால் மூன்று ஓட்டமும் முடிய 500 நாள். நல்ல ஜிபியு மூன்று கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு வேண்டியிருந்தது 400 ஜிபியு மணிநேரம். அவ்வளவுதான்.

பொது வசதி மையம் ஒன்றுக்கு ஆகஸ்டில் விண்ணப்பித்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். கணக்கு திறந்து தருகிறோம், கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிடுங்கள் என்றார்கள். தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. எங்கள் திட்டத்தில் கருவிகள் என்ற செலவுத் தலைப்பில் ஆறு லட்சம் ரூபாய் செலவாகாமல் கிடந்தது. கணினி வாங்க இரண்டு முறை டெண்டர் விட்டும் அந்த விலைக்கு யாரும் வரவில்லை. சரி, அதிலிருந்து கட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

கணக்குப் பிரிவு மறுத்துவிட்டது. கணினி நேரம் கருவி அல்ல, நுகர்பொருளும் அல்ல, எந்தத் தலைப்பிலும் வராது, ஆடிட்டில் கேட்பார்கள் என்றார்கள். தலைப்பு மாற்ற அனுமதி கேட்டு நிதி தந்த அமைப்புக்குச் செப்டம்பரில் எழுதினோம். என் சொந்தப் பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று மையத்திடம் கேட்டேன். தனிநபரிடம் வாங்க விதியில்லை, நிறுவனத்தின் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். அனுமதிக் கடிதம் ஏப்ரல் இரண்டாவது வாரம் வந்தது. அதற்குள் மார்ச் 31 முடிந்து, மிச்சப் பணம் திரும்பிப் போயிருந்தது.

அந்த ஏழு மாதமும் மாணவி சும்மா இருக்கவில்லை. எட்டு கோர் கணினியிலேயே ஓட்டினார். எங்கள் யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். மின்சாரம் அதற்கு மேல் போனால் கணினி நின்றுவிடும். ஆள் வந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து நடந்து வந்து ஓட்டத்தைத் தொடங்கிவிட்டுப் போவார். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனவர், கணினி நின்றுவிட்டது என்று காவலாளி சொல்லி மறுநாளே திரும்பி வந்தார். பஸ்ஸில் ஐந்து மணிநேரம். இவ்வளவுக்கும் பிறகு மூன்றில் ஒரு ஓட்டம்தான் முடிந்தது. 60 நாள் கெடுவை ஆய்விதழ் இரண்டு முறை நீட்டித்தது. மூன்றாம் முறை நீட்டிக்கவில்லை.

இதில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. மையம் அதன் விதிப்படி நடந்தது, கணக்குப் பிரிவும் அதன் விதிப்படி நடந்தது, நிதி அமைப்பும் அப்படியே. ஒரு மாணவியின் ஓராண்டு போய்விட்டது.

நாட்டில் கணினி இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்துக்கு 2015ஆம் ஆண்டு 4,500 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். 2025 மார்ச் நிலவரப்படி 34 கணினிகள், மொத்தம் 35 பெட்டாஃப்ளாப் திறனோடு நிற்கின்றன (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் வினாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு). திருச்சி என்.ஐ.டி.யில் 2022ஆம் ஆண்டு 'பரம் பொருள்' என்ற மீத்திறன் கணினியைத் திறந்தபோது எங்கள் துறையில் எல்லோரும் மகிழ்ந்தோம். (எங்கள் விண்ணப்பம் போனது அங்கே அல்ல, வேறொரு மையத்துக்கு.) 1980களில் அமெரிக்கா கிரே என்ற மீத்திறன் கணினியைத் தர மறுத்தபோது, நாமே செய்துகொள்வோம் என்று 1988ஆம் ஆண்டு சி-டாக் என்ற அரசுக் கணினி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, 1991ஆம் ஆண்டு பரம் 8000 என்ற மீத்திறன் கணினியைக் கட்டிய நாடு இது. அதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பெருமையோடு சொல்கிறேன். அப்படிக் கட்டிய கணினிக்கும் என் மாணவிக்கும் நடுவே இன்று நிற்பது ஒரு கணக்குத் தலைப்பு.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் கடிதம் தரும்போதே, அதற்கு வேண்டிய கணினி நேரத்தையும் அதே கடிதத்தில் எழுதித் தாருங்கள். பணமாகத் தர வேண்டாம், மணிநேரமாகத் தாருங்கள். அரசு பணம் கொடுத்துக் கட்டிய மையத்துக்கு, அரசு கொடுத்த இன்னொரு நிதியிலிருந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவு வழியாகக் கட்டணம் கட்டச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? மார்ச் 31ஆம் தேதி பணம் திரும்பிப் போகலாம். திட்டம் முடியும் வரை மணிநேரம் திரும்பிப் போக வேண்டாம்.

இது நடக்கக்கூடியதுதான். அமெரிக்காவில் ஆக்சஸ் என்ற பெயரில் 2022ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் ஏற்பாட்டில், பல பல்கலைக்கழகங்களின் கணினிகளில் ஆராய்ச்சியாளர்களுக்குக் கட்டணமில்லாமல் நேரம் கிடைக்கிறது. முதல் படிக்கு ஆய்வுச் சுருக்கம் ஒன்று எழுதினால் போதும். முனைவர் பட்ட மாணவர்களே தங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கு என்று 2024 மார்ச்சில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் அறிவித்தீர்கள். அதில் 38,000 ஜிபியு, மணிக்கு 65 ரூபாய்க்கு என்று படித்தேன். அந்தக் கணக்கில் எங்கள் 400 மணிநேரத்துக்கு ஆவது 26,000 ரூபாய். ஆனால் எங்கள் வேலை செயற்கை நுண்ணறிவு இல்லையே. மழையைக் கணக்கிடுபவர்கள், உலோகங்களை ஆராய்பவர்கள், எங்களைப் போலப் புரதங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் எந்த வாசலுக்குப் போவது? ஆய்வுத் தலைப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்துவிடலாமா என்று மாணவர்கள் என்னிடமே கேட்கிறார்கள். செய்யாத வேலையின் பெயரை எழுத நான் சொல்லித்தர மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினீர்கள், நன்றி. ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும்போது, அதற்குள் வாங்கிய கடனை அடைக்கத்தான் சரியாக இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியை வளர்ப்போம் என்று 2023ஆம் ஆண்டு சட்டமே போட்டு, ஐந்தாண்டில் 50,000 கோடி என்றீர்கள். உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போகும் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடவில்லையே என்று நீங்களும் வருந்துகிறீர்கள், நாங்களும் வருந்துகிறோம். எங்களுக்கு வந்த ஆறு லட்சத்தைச் செலவழிக்க விடாமல் திரும்ப வாங்கிக்கொண்டால் அந்தப் பங்கு எப்படி உயரும்?

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்த மடலில் நான் கேட்பது கணினி நேரம் மட்டும்தான்.

ஒப்புதல் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்தத் திட்டத்துக்கு இத்தனை மணிநேரம், இந்த மையத்தில், திட்டம் முடியும் வரை. எத்தனை மணிநேரம் தேவை என்பதை விண்ணப்பத்திலேயே கேளுங்கள், கணக்குக் காட்டுகிறோம். பயன்படுத்தியதற்கும் கணக்குக் காட்டுகிறோம். கேட்டதைவிடக் குறைவாகத் தந்தாலும் சரி, முதல் நாளே தெரிந்தால் அதற்கேற்ப ஆய்வை அமைத்துக்கொள்வோம். புதிய விதி வரும் வரை, நடந்துகொண்டிருக்கும் திட்டங்களில் கருவிக்கான பணத்தைக் கணினி நேரத்துக்குச் செலவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். எங்கள் கணக்குப் பிரிவுக்கு அது போதும்.

மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இரண்டாவது ஓட்டத்தை அதே எட்டு கோர் கணினியில் திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறார். அது முடிவதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்துவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்