ஈரோட்டில் கூட்டம் சேர்ந்த விதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

வாரச்சந்தைக்கும் திருவிழாவுக்கும் பொதுவாக ஒரு திடல் அமைக்கும் வேலை உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நம்ம ஈரோட்டுக்கு நாலு திசை ஜனமும் எப்படி வரத் தொடங்கியது என்றும் கேட்டிருந்தாய். வெளியூர்க்காரர் சரக்கை விற்று, காசு வாங்கி, அடுத்த வண்டியிலேயே திரும்ப முடிந்தது. அதுதான் கண்ணு முதல் காரணம்.

13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கி நொய்யல் வரை வளைந்து வளைந்து போவதால், வழியெல்லாம் மஞ்சளும் நெல்லும் கரும்பும் விளைந்தன. 1860-களில் சென்னையிலிருந்து மேற்கே போன ரயில் பாதை வந்தது. திருச்சிப் பாதையும் இங்கேயே வந்து சேர்ந்தது. விளைச்சலும் வண்டியும் ஒரே ஊரில் அமைந்துவிட்டன.

ஜவுளிச்சந்தையை நன்றாகக் கவனி. திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் சாயங்காலமே வந்து இறங்கிவிடுவார்கள். லுங்கி, துண்டு, சென்னிமலைப் போர்வை என்று பார்த்துப் பேசி, மூட்டை கட்டி, விடிவதற்குள் லாரி ஆபீசில் போட்டுவிட வேண்டும். அதனால் ராத்திரி வெளிச்சம், லோடுமேன், டீக்கடை, கழிப்பிடம் நாலும் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இதில் ஒன்று தூரமாகப் போனாலும் கடைக்காரர் ரோட்டோரத்துக்கு வந்துவிடுவார். அப்புறம் பஸ் போக வழியிருக்காது. நடைபாதையை ஆறடிக்குக் குறைக்காதே, தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரெதிரே வருவார்கள். தரையை ரோட்டை விட ஓரடி உயர்த்து. துணியில் ஒருதரம் சாக்கடைத் தண்ணீர் பட்டால் பாதி விலைக்கும் போகாது. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுவந்தால் பறக்கும் படை பிடித்துவிடும் என்று வெளிமாநிலத்தார் வரமாட்டார்கள், சந்தை வெறிச்சோடிவிடும். ரொக்கத்தை நம்பிய சந்தைக்கு இந்தப் பலவீனம் உண்டு, பக்கத்திலேயே வங்கிக்கும் இடம் விடு.

மஞ்சள் மண்டியின் சங்கதி வேறு. விரல் போல நீண்டதை விரலி, உருண்டையானதைக் கிழங்கு என்று பிரித்து மாதிரி வைப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். சரியாகக் காயாத சரக்கு வளையும், பூசணம் பிடிக்கும், விலை விழும். ஏலம் முடிகிற வரை விவசாயி காத்திருக்க நிழலும் குடிதண்ணீரும் வேண்டும். எடைமேடை நுழைவாசல் அருகே இருந்தால் வண்டிகள் தேங்காது.

கருங்கல்பாளையத்து மாட்டுச்சந்தைக்கு வியாழன், ஜவுளிக்குச் செவ்வாய். கிழமை மாறாததால்தான் யாரும் கேட்காமலே வருகிறார்கள். உன் திடலுக்கும் கிழமையை முதலில் முடிவு செய், கூரையைப் பிறகு பார்க்கலாம்.

பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயிலில் நட்டுக் கும்பிட்ட மரக்கம்பத்தைப் பிடுங்கி ஊரைச் சுற்றி எடுத்து வருகிறபோது மஞ்சள் தண்ணீரில் வீதியெல்லாம் வழுக்கும். அந்த நாளை மனதில் வைத்து, வழவழப்பான டைல்ஸ் போடாதே.

2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் புத்தகத் திருவிழா நடத்துகிறது. வாங்க வந்தவரை உட்கார்ந்து கேட்க வைத்தது மாலைச் சொற்பொழிவுதான். நம் ஊர் அடைந்த வளர்ச்சியிலேயே எனக்கு மிகவும் பெருமை தருவது இதுதான், அம்மிணி. மேடையைப் புத்தகக் கடைகளிலிருந்து ஒதுக்கி வைத்தால்தான் பேச்சும் கேட்கும், வியாபாரமும் நடக்கும். கூட்டம் முடிந்த பிறகு கிராமத்துக்குப் பஸ் இல்லையென்றால் பெண்கள் பாதிப் பேச்சிலேயே எழுந்து போய்விடுவார்கள். போக்குவரத்துக் கழகத்திடம் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் நிகழ்ச்சி நேரத்தை வை.

திடலின் நீள அகலம், மண் எப்படி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்று எழுதி அனுப்பு. கடைக்கு எத்தனை அடி விடலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா