ஐந்து பேரில் நாலு பேர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், எமிஸ் கூப்பிட்டுவிட்டது, அதுதான் பள்ளி விவரமெல்லாம் ஏற்றுகிற அந்த அரசு இணையதளம். வருகைப்பதிவு, காலை உணவு, சத்துணவு, அப்புறம் யாரோ அவசரமாகக் கேட்ட ஏதோ ஒரு படிவம். உனக்குத் தெரியாததா! இன்று ஞாயிறு. மழை, கரண்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. அதனால்தான் காகிதத்துக்கு யோகம்.

ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகள், உட்கார இடமில்லை என்று புலம்பியிருந்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பள்ளியில் மொத்தமே 31 பேர். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். குறை சொல்லவும் வழியில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளை எண்ணியவர்கள் வகுப்புகளை எண்ண மறந்துவிட்டார்கள். இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போகிற நாளில், ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் கொடுத்துவிட்டு அதே சாக்பீஸோடு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த ஓடுவேன்.

நாம் படித்த காலத்துப் பிள்ளைகளெல்லாம் எங்கே என்று கேட்டிருந்தாய். முதலில், பிறப்பே குறைந்துவிட்டது. நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பிறந்ததில் ஒரு பங்கைத் தனியார் பள்ளி மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டு போகிறது. காலையில் ஊருணிக் கரையில் நின்றால் போதும், டையும் ஷூவுமாக வரிசையில் நிற்பார்கள். கையில் காசு உள்ளவர்கள் கட்டணம் கட்டிப் போகிறார்கள். இல்லாதவர்களிலும் விவரமானவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் மனுப் போட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். என் மகனை நான் எங்கே படிக்க வைத்தேன் என்று உனக்குத் தெரியுமே.

மிச்சம்தான் என் 31. பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளைப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சிலர். ஆறு பேருக்கு அப்பா அம்மா உங்கள் திருப்பூரில், பனியன் கம்பெனியில். பிள்ளை இங்கே அப்பத்தாவிடம். இப்படி அப்பத்தாவிடம் வளர்கிற பிள்ளைகள் 2023 வரை ஒன்பதரைக்குத்தான் தலைகாட்டுவார்கள். காலை உணவு எங்கள் பள்ளிக்கு வந்தபிறகு எட்டேகாலுக்கே வாசலில் நிற்கிறார்கள். பொங்கல் சாம்பார் நாளென்றால் எனக்கும் முன்னால்.

பட்டறைப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குப் பரப்பளவு ஏறவே இல்லை. ஒருநாள், காவலுக்கு இருப்பவரிடம் கேட்டு, எதிர் வீட்டு முகப்புக்குக் கூட்டிப் போனேன். நீளத்தில் 24 கல், அகலத்தில் 15. "மொத்தம் எத்தனை கல்?" என்றதும் ஒரு பெண் எண்ணாமலே 360 என்றாள். அதோடு நிற்கவில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவது, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது என்று முழுப் பாடமே நடத்திவிட்டாள். தேர்வுத் தாளில் அதே பெண் பரப்பளவுக் கணக்கைத் தொடாமல் விட்டிருந்தாள்.

சரி, உன்னிடம் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்க பீகாரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அண்ணன் தம்பி இருவர், குடும்பத்தோடு. அவர்கள் பையன்கள் இரண்டு பேரை ஜூலையில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வயதுக்கேற்ற வகுப்பு, வேறென்ன செய்வது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கணக்கில் இருவரும் அரும்பு, அதாவது ஆரம்ப நிலை. அதில் பெரியவன் இருக்கிறானே, அவன்தான் அம்மாவுக்காகக் கடைக்குப் போவான். 500 ரூபாயை நீட்டி 385-க்குச் சாமான் வாங்கினால் மீதி 115 என்று கடைக்காரர் கல்லாவைத் திறக்கும் முன்னே சொல்லிவிடுவான். வளரறி மதிப்பீட்டுத் தாளில் அதே கணக்கு "கண்ணனிடம்..." என்று தமிழில் தொடங்கியதால் அவனுக்குப் பூஜ்யம். அவனுக்குத் தெரியாதது தமிழ் எழுத்து. தாளில் விழுந்தது கணக்கு மதிப்பெண்.

மூன்றாம் வகுப்பில் ஏழு பேர், கதைப் பத்தி வாசிப்பவர்கள் நாலு பேர். 57 சதவீதம். தலையைக் குனிந்துகொண்டு ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கு முன்பே அந்த பீகார் குடும்பங்கள் சட் பூஜைக்கு, அவர்கள் ஊர்ப் பண்டிகை அது, ஊருக்குக் கிளம்பின. திரும்புவோமா தெரியாது என்று டி.சி. கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் ஐந்து பேரில் நாலு பேர், 80 சதவீதம்! நல்ல முன்னேற்றம் என்று பேர் சொல்லிப் பாராட்டினார்கள். என்ன உத்தி கையாண்டீர்கள் என்று வேறு கேட்டார்கள். நான் எழுந்து, "இரண்டு பேருக்கு டி.சி. கொடுத்தேன் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள் போல.

பெரிய பள்ளியில் இது தெரியாது. உன் நாற்பதில் ஒரு பிள்ளை இரண்டரை சதவீதம். என் ஐந்தில் ஒரு பிள்ளை இருபது. ஒரு அப்பத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என் பள்ளியின் தரம் இறங்கிவிடும்.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் பேருந்து காரைக்குடி அழகப்பர் கல்லூரிகளைத் தாண்டிப் போனது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்த மனிதர். கல்விக்குப் பேர்போன ஊர் என்று நாம் பீற்றிக்கொள்வதெல்லாம் உண்மைதான். அந்த வாசலிலிருந்து என் பள்ளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

போன வியாழக்கிழமை அந்த இரண்டு பையன்களும் வந்து நிற்கிறார்கள்! வேறொரு வீட்டில் வேலையாம். சின்னவன் "டீச்சர், வணக்கம்" என்று தமிழிலேயே சொன்னான். எமிஸில் மறுபடியும் சேர்த்துவிட்டேன். திரும்ப 57.

உங்கள் பள்ளியில் வடக்கத்திப் பிள்ளைகளுக்காக நீ படம் வரைந்து சொல் அட்டைகள் செய்து வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தாய் அல்லவா? ஒரு செட்டு அனுப்பு. கொரியர் வேண்டாம், எங்கள் ஊருக்குள் வரமாட்டான். தபாலிலேயே போடு. பள்ளி முகவரிக்கே போடு, பையன்களே வாங்கிக்கொள்ளட்டும்.

உன்,
பழைய மூன்றாவது பெஞ்சுக்காரி